என்பும் எஞ்சாதோர்

கையறுநிலை பாடப் புகுவோர்க்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். பாரி மாய்ந்தபோது கபிலர்க்குப் பறம்பு இருந்தது. தந்தையை இழந்த மகளிர் இருவர் அருகில் இருந்தனர். அதியமான் சாய்ந்தபோது ஔவைக்கு அவனோடு இருந்த நாள்கள் நெஞ்சில் நின்றன. இன்னான் மகன், இன்ன நாட்டான், இன்னது கொடுத்தான், இன்ன களத்தில் வீழ்ந்தான் என்று ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டுதான் நம் புலவரின் அழுகை மேலேறும். ஆநிரை மீட்டு இறந்த ஊர்க்காவலனுக்கும் ஒரு கல் நட்டுப் பெயரைப் பொறித்துப் பீலி சூட்டினார்கள். பெயரறியாதவருக்கு அழுவதற்கு நம் இலக்கணம் துறை வகுக்கவில்லை. உச்சிப்புளியில் நின்று வடக்கும் தெற்கும் பார்ப்பவனுக்கு அப்படியொரு துறை தேவைப்படுகிறது.

இராமநாதபுரத்தைவிட்டு மண்டபம் போகும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் நெருங்கி ஓடும் இடம் அது. நிலம் அங்கே இடை ஒடுங்கிக் கிடக்கும். வடக்கே அரியமான் சவுக்குத்தோப்பு, அதற்கப்பால் பாக் விரிகுடா. தெற்கே புதுமடம், அதற்கப்பால் மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் இந்தக் கரையில் சொல்வார்கள். வாடை வீசும் மாதங்களில் பெண்ணும் சீறுவாள் என்பது வேறு செய்தி. இந்த இரண்டு நீருக்கும் நடுவே மண்டபம் வரை சென்று, பாம்பனைத் தாண்டி, தனுஷ்கோடியில் வெறும் மணலாய் மெலிந்து, பிறகு திட்டுத்திட்டாய் அற்று அற்றுத் தலைமன்னாரை எட்டும் இந்த நிலவரி, ஒரு காலத்தில் வரியாக இருந்ததில்லை. அகன்ற ஒரு சமவெளியின் தென்விளிம்பாக இருந்தது.

இன்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வடபுலத்து நிலங்களின்மேல் பனி உறைந்து மலையாய் உயர்ந்து நின்ற நாளில், உலகக் கடல்களின் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதிக்கு 15 மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. ஆகவே கடல் அவ்வளவு இறங்கியிருக்கத் தேவையே இல்லை. கொஞ்சம் பின்வாங்கினாலே அரியமான் கரையிலிருந்து யாழ்ப்பாணம் வரை தரைதான். பனியுகத்தின் நெடும்பொழுதில், கடந்த ஒரு லட்சம் ஆண்டுகளின் பெரும்பகுதியில், இலங்கை தீவாக இருக்கவில்லை. பனி உருகி, கடல் ஏறி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் அது தனித்தது. வைகை இன்று ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைத் தொடுகிறது, அதுவும் தண்ணீர் வரும் ஆண்டுகளில். அன்று அதற்கு இன்னும் நெடுந்தொலைவு ஓட நிலம் இருந்தது.

மூத்தோரே, அந்த நிலத்தில் நடந்தவர் நீவிர். படகு கட்டாமல், பாலம் போடாமல், கால் நனையாமல் தென்னிலங்கைக் காடுவரை சென்றவர் நீவிர். நும்மில் முதியவர் எந்த மேட்டில் அமர்ந்து இளைப்பாறினார்? எந்த ஓடைக்கரையில் பிள்ளை பெற்றீர்? எவரை எங்கே விட்டுவிட்டு நடந்தீர்? நும் பெயர் சொல்லி அழ வந்தவர்க்கு நும் பெயர் இல்லை. நும் ஊர் சொல்லி அழலாம் என்றால் அதன்மேல் இன்று வலை இழுக்கிறார்கள்.

அவர்கள் விட்டுச் சென்றதில் நம் கைக்கு எட்டியது கல் மட்டுமே.

கரையோடு தென்மேற்கே போனால் சாயல்குடிக்கு அப்பால் தேரி தொடங்கும். சூரங்குடி, குளத்தூர், இன்னும் தெற்கே சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம், காயாமொழி, இடையன்குடி எனச் செம்மணல் மேடுகள் கடலோரம் விட்டுவிட்டுக் கிடக்கின்றன. ஆடிக் காற்றில் தேரி நடக்கும் என்பார்கள்; காற்று மேல்மணலைக் கொண்டுபோனபின் அடியில் இறுகிய தரையில் சில்லுச்சில்லாய்க் கற்கள் வெளிப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிலவியலை அளந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தக் கற்களைக் கண்டு பொறுக்கினார். 1956இல் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் ஆகிய இருவரும் இந்தத் தேரிக் களங்களைப் பற்றி எழுதியபின், நுண்கற்கருவிகளைப் படிக்கும் எவரும் தேரியைத் தவிர்த்துப் பேசுவதில்லை. பழைய கடல்மட்டக் குறிகளை வைத்து அவர்கள் அவற்றுக்குச் சுமார் 6,000 ஆண்டு அகவை கணித்தார்கள். மணல்மணியின் ஒளிர்வை அளக்கும் பிற்காலக் கணிப்புகள், அந்தச் செம்மணலில் ஒரு பகுதி பத்தாயிரம் ஆண்டையும் தாண்டும் என்கின்றன. அப்படியானால் அந்த மணல் குவிந்த நாளில் இலங்கைக்கு வழி இன்னும் திறந்தே இருந்தது.

அந்தக் கற்களில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். நகத்தளவுதான் இருக்கும். வெங்கச்சங்கல்லில் செய்தது, அல்லது செர்ட் என்னும் இறுகிய கல்லில். ஒரு பக்கம் பிறையாய் வளைந்திருக்கும். அந்த வளைவு நெடுகக் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறிய கொத்தல்கள், இடைவெளி பிசகாமல், வரிசையாக. கூர் இருந்ததை வேண்டுமென்றே மழுக்கிய வேலை. மறுபக்கம் நேர்க்கோடு. அதை யாரும் தீட்டவில்லை. தாய்க்கல்லிலிருந்து ஒரே தட்டில் பிரிந்தபோது பிறந்த கூர் அது. இன்றும் விரலை வைத்து இழுத்தால் தோல் விலகும். மழுங்கிய முதுகு மரத்தண்டின் பிளவில் பிசினோடு புதையும். கூரிய வாய் வெளியே நிற்கும். ஒன்று உடைந்தால் அதை மட்டும் கழற்றி இன்னொன்றைப் பதிக்கலாம். தண்டு உளுத்தது, பிசின் உதிர்ந்தது, அதைப் பிடித்த கை மண்ணானது. பிசினில் பதிய வேண்டும் என்று முதுகை மழுக்கிய அந்தக் கவனம் மட்டும் கல்லில் அப்படியே இருக்கிறது. எனக்குத் தெரிந்து ஒரு மனிதனின் சிந்தனை இவ்வளவு தெளிவாக எழுத்தில்லாமல் எஞ்சிய பொருள் வேறில்லை.

எலும்பு ஏன் இல்லை? செம்மண்ணும் சரளையும் புளிப்பு மண். மழைநீர் உப்பையும் சுண்ணத்தையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். இரும்பு மட்டும் தங்கிச் செம்மை ஏறும். எலும்போ சுண்ணத்தால் ஆனது. நாம் அழகு என்று படம்பிடிக்கும் தேரியின் அந்தச் சிவப்பைத் தந்த மழைதான் எலும்பையும் தின்றது. சுட்டிருந்தால் எரிந்த இடமாவது இருக்கும், கல்லறை கட்டியிருந்தால் கல்லாவது இருக்கும். இவர்களோ கிடந்த இடத்திலேயே மண்ணோடு மண்ணாகக் கரைந்தார்கள்.

இது தேரிக்கு மட்டும் உரிய கொடுமையன்று. தமிழ்நிலத்தின் தொல்மாந்தர் வரலாறு முழுவதும் இந்தக் குறையோடுதான் இருக்கிறது. 1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில் ஃபூட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அன்றுதான் பிறந்தது என்பர். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்தை அடைந்தார்கள். அங்கே 1999 முதல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் பொறுமையோடு தோண்டினார்கள். 2011இல் வெளிவந்த முடிவு உலகை நிமிர்ந்து பார்க்கவைத்தது: அந்தக் களிமண்ணில் கிடந்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை. அண்டவெளியிலிருந்து பொழியும் கதிர்கள் கல்லில் விட்ட தடத்தை அளந்து சொன்ன கணக்கு அது. 2018இல் இன்னொன்று: அதே இடத்தில் மேலடுக்கில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே கல்லை வேறொரு நுட்பத்தில் சீவத் தொடங்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் கருவி கிடைத்தது. விலங்குகள் மிதித்த தடம் களிமண்ணில் கிடைத்தது. விலங்குப் பல் சில கிடைத்தன. மனிதர் மட்டும் கிடைக்கவில்லை. பதினைந்து லட்சம் ஆண்டுகள் ஒரே ஆற்றங்கரைக்கு வந்து வந்து போனவர்களின் முகம் எப்படி என்று சொல்ல ஒரு பல்கூட இல்லை.

அதிரம்பாக்கத்துச் சரளையில் மனிதக் கணைக்கால் எலும்பு ஒன்று 1860களில் அகப்பட்டதாகப் பழைய குறிப்பு உண்டு. அந்த எலும்பு இன்று இல்லை. மண் தின்னாமல் விட்ட ஒன்றையும் மனிதர் தொலைத்தார்கள்.

இந்தியா முழுவதற்கும் தொல்மாந்தர் மண்டையோடு என்று மார்தட்டிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1982 டிசம்பர் 5 அன்று நருமதைக் கரையில் ஹத்னோரா என்னும் ஊரருகே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அருண் சொனாக்கியா அதைக் கண்டார். மண்டையின் வலப்பாதி. பெண்ணாக இருக்கலாம் என்றார்கள். பாதித் தலையோடு அவள் இந்த முழு நாட்டின் முன்னோர்க்கும் சார்பாளாக நிற்கிறாள்.

நம் பக்கத்தில், 2001இல், விழுப்புரம் மாவட்டம் பொம்மையார்பாளையத்தை அடுத்த ஓடை என்னும் இடத்தில், இறுகிய செம்பாறைக்குள் ஒரு குழந்தையின் மண்டையோட்டைக் கேரளப் பல்கலைக்கழகத்தின் பி. இராஜேந்திரன் கண்டறிந்தார். லட்சம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று அவர் சொன்னார். அந்தக் காலக்கணக்கைப் பலர் ஏற்கவில்லை, வழக்கு இன்னும் தீரவில்லை. தீரட்டும், தீராது போகட்டும். நான் அந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் வயதை மறந்துவிடுகிறேன். இரும்புச் செம்மண் எல்லா எலும்பையும் கரைத்த ஒரு கடற்கரையில் பச்சைக் குழந்தையின் தலை மட்டும் கல்லாகி நின்றது என்றால், பெற்றவள் அதை எவ்வளவு ஆழத்தில் வைத்தாளோ என்றுதான் மனம் போகிறது. அப்படி யாரும் வைக்காமல் வெள்ளம் உருட்டி வந்ததாகவும் இருக்கலாம்.

கடலுக்கு அப்பால் கதை வேறு. இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில், மழைக்காட்டின் நடுவே, பாகியங்கலை என்னும் பெருங்குகை இருக்கிறது. அங்கே 48,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் குடியிருந்தார்கள். குரங்கும் அணிலும் வேட்டையாடினார்கள், குரங்கின் எலும்பையே சீவி அம்புமுனை செய்தார்கள், காவிக்கல் அரைத்தார்கள், சிப்பியில் மணி கோத்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கு அதுவே மிகப் பழைய சான்று என்று 2020இல் எழுதினார்கள். இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டைக்கு அருகில் பட்டதொம்பலேனா என்னும் குகையும் இருக்கிறது. அங்கேயும் நுண்கல், அங்கேயும் எலும்பு. சிரான் தெரணியகலை அங்கே தோண்டியவற்றைக் கொண்டு தெற்காசியாவின் மிகப் பழைய நவீன மனிதருள் சிலரின் எலும்புகள் உலகுக்கு அறிமுகமாயின. பாறை குடையாய் நின்று மழையைத் தடுத்தது. அதனால் எலும்பு தப்பியது.

நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் எலும்பு உண்டு. நடந்த வழியில் ஒன்றுமில்லை. உச்சிப்புளியின் துயரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பாகியங்கலையில் கிடைத்த எலும்புகளைச் சோதித்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். இறந்தவர் உடலை முதலில் அப்படியே விட்டு, தசை நீங்கியபின், சில எலும்புகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொணர்ந்து குழியில் இட்டிருக்கிறார்கள். குழந்தைகள் எலும்பும் அவற்றில் உண்டு. ஆதிச்சநல்லூர்த் தாழிகளிலும் எலும்பைத் திரட்டி இட்ட வழக்கம் உண்டென்பதை அறிந்தவர் இங்கே சற்று நிற்பார்கள். இரண்டுக்கும் நேர்வழித் தொடர்பு சொல்ல நான் வரவில்லை. நடுவே கிடப்பது பல்லாயிரம் ஆண்டு. ஆனால் அழத் தெரிந்தவர்தாம் எலும்பைத் திரும்பிப் போய் எடுப்பார்கள். கணவனோடு தன்னையும் வைக்கும்படி தாழியை அகலமாக வனைந்து தா என்று குயவனிடம் கேட்ட ஒருத்தி புறநானூற்றில் இருக்கிறாள். அவளுக்கும் பெயரில்லை. பாட்டு மட்டும் இருக்கிறது.

மூத்தோரே, நும்மிடமும் ஒரு பாட்டு இருந்திருக்கும். நும் மகனைக் காட்டெருமை மோதிக் கொன்ற நாளில், நும் தாய் காய்ச்சலில் அடங்கிய இரவில், நெருப்பைச் சுற்றி அமர்ந்து நீவிர் முறையிட்ட சொல் எது? அது எம் மொழியும் அன்று, எம் மொழிக்கு மூத்த மொழியும் அன்று; அதற்கும் முன்னே எத்தனையோ மொழி பிறந்து மாய்ந்த பின்னே எம் மொழி. நும் ஒப்பாரியின் ஓர் அசைகூட எமக்கு எட்டவில்லை. யாம் நும்மை அழ எடுத்துக்கொண்ட சொல்லெல்லாம் நீவிர் கேளாத சொல்.

எலும்பு கரைந்தாலும் குருதி கரையவில்லை என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் உசிலம்பட்டிப் பக்கத்து மக்களின் மரபணுவைச் சோதித்து, எம்130 என்னும் பழங்குறியை அவர்களிடம் கண்டார். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாய் வந்து ஆஸ்திரேலியா வரை சென்றோரிடமும் அந்தக் குறி உண்டு. ஆறுதல்தான். என்றாலும் ஒரு குறி முகமாகாது. உச்சிப்புளி ரயில் நிலையத்தில் வண்டிக்கு நிற்கும் கூட்டத்தில் யார் முகத்தில் அவர்கள் சாயல் இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது. எல்லார் முகத்திலும் சிறிது இருக்கலாம்.

பெயர் எப்போது வந்தது என்பதற்கு உச்சிப்புளிக்கு வடக்கிலேயே ஒரு சான்று உண்டு. வைகை முகத்தில் அழகன்குளம். 1986 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பல பருவங்களாகத் தோண்டி, 2016–17இலும் தோண்டிய ஊர். உரோமக் காசு, மேலைநாட்டுச் சாடி, கப்பல் கீறிய பானையோடு, தமிழி எழுத்தில் பெயர் பொறித்த ஓடுகள் எல்லாம் அங்கே வந்தன. ஒருவன் தன் பானையில் தன் பெயரைக் கீறினான்; இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அவன் இன்னானென்று நாம் வாசிக்கிறோம். நேரே எதிர்க்கரையில், மன்னார்ப் பக்கம் மாதோட்டத்திலும், துறைமுக நகரின் அடுக்குகளுக்கெல்லாம் அடியில், நுண்கற்கருவி செய்தோர் இருந்த தளம் ஒன்றைக் கண்டார்கள். பெயர் உடையோரின் ஊருக்கு அடியில் பெயர் இல்லாதோரின் அடுப்பு. அழகன்குளத்தார்க்குப் பெயரும் காசும் கப்பலும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஆள்களும் உண்டு. வழி தெரிந்த அயலூர் வணிகர்க்குத் துறை திறந்த அந்தக் கரையிலிருந்து, வழியே இல்லாதபோது நடந்தவர்களைப் பார்க்க ஒருவரும் திரும்பவில்லை.

இந்தக் கரைக்கு இழப்பு புதிதன்று. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போனது. ரயில் ஒன்று பயணிகளோடு போனது. இடிந்த தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது, ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள், நினைவுகூரத்தான் வேண்டும். ஒரே இரவில் வந்த கடலை நாம் மறக்கவில்லை. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு சாண் ஒரு சாணாக ஏறி, ஒரு நாட்டையே மூடிய கடலை நினைப்பதற்கு நமக்கு ஒரு நாள் இல்லை. அந்தக் கடல் ஓரிரவில் ஒருவரையும் கொன்றிருக்காது. தாத்தா மீன் பிடித்த குளத்தைப் பேரன் கடல் என்றான், அவ்வளவுதான். அது பின்னும் ஏறி நின்ற காலமும் உண்டு: இராமேசுவரத் தீவில் இன்றைய நீர்மட்டத்துக்குமேல் வெளியே தெரியும் பழைய பவளப் பார், சுமார் 4,000 ஆண்டுப் பழமையானது. ஃபூட் அதையும் பார்த்து எழுதியிருக்கிறார். எதையும் விடாமல் பார்த்த மனிதர். அவர் பொறுக்கிய கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருக்கு ஏற்காட்டில் நினைவுக்கல் இருக்கிறது. கண்டவருக்குக் கல் உண்டு. காணப்பட்டவர்க்கு அவர்கள் செய்த கல் ஒன்றே கல்.

மூழ்கிய நிலத்தைத் தேடலாம் என்பதற்கு உலகில் வழக்கு உண்டு. இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் நடுவே வடகடலின் அடியில் ஒரு நிலம் கிடக்கிறது, டாகர்லாந்து என்பர். 1931இல் கொலிண்டா என்னும் இழுவைப் படகின் வலையில் ஒரு கரிமண் கட்டி ஏறியது. அதை உடைத்தபோது உள்ளே மான்கொம்பில் செய்த முள்முனை ஈட்டி ஒன்று இருந்தது. அந்தப் படகுக்காரர் அதைத் திரும்பக் கடலில் எறியவில்லை. அதன்பின் அந்தக் கடலடியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ஆறும் குன்றும் வரைந்து வரைபடமே செய்துவிட்டார்கள். நம் பக்கத்தில் கடலடி ஆய்வு என்றால் பூம்புகாரும் துவாரகையும்தான் நினைவுக்கு வரும். கோட்டையும் மாடமும் இருந்தால்தான் மூழ்கிய ஊருக்கு நம்மிடம் மதிப்பு. சேதுக் கால்வாய்க்காக 2005இல் தூர்வாரத் தொடங்கி, வழக்கு வந்து நின்றுபோனது. ஆண்டுக்கணக்கில் நடந்த அந்த வாதத்தில் இராமர் வந்தார், கப்பல் வந்தது, மீன் வந்தது, பவளம் வந்தது. நான் படித்த அளவில், நடந்து போனவர் வரவேயில்லை.

இதற்கிடையே இருக்கும் சிறிதும் அழிகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை வெட்டி அள்ளியதன் விளைவு அது. பாக் விரிகுடாவின் தரையை இழுவைமடி இரவு இரவாகச் சுரண்டுகிறது. அடிமண்ணோடு வாரும் அந்த மடியால் மீன்குஞ்சு அழிவதைப் பற்றி மீனவரே போராடுகிறார்கள். மண்ணுக்குள் வேறென்ன அழிகிறது என்பது அந்தப் போராட்டத்தில் இல்லை. தேரி மணலில் கருமணலுக்கும் கட்டடத்துக்கும் கண் வைத்தவர்கள் அள்ளும் இடத்திலெல்லாம், நகத்தளவுக் கல் சல்லடையில் சிக்கி எங்கோ ஒரு சுவருக்குள் போகிறது. ஏழாயிரம் ஆண்டுக் கடலும் பத்தாயிரம் ஆண்டுக் காற்றும் விட்டுவைத்ததை நாம் ஒரு தலைமுறையில் முடித்துவிடுவோம் போலிருக்கிறது. மண் புளிப்பானது என்று இனி மண்ணைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

மூத்தோரே, நுமக்கு நடுகல் நட இடமில்லை. நட்டாலும் பொறிக்கப் பெயரில்லை. நும் வழியில் கடலும், நும் என்பில் மழையும், நும் கல்லில் எம் கையும் விழுந்தன. நீவிர் போன வழியில் போய்த் திரும்ப எமக்கு இன்று கடவுச்சீட்டு வேண்டும். எல்லை தாண்டிய மீனவனைச் சிறை வைக்கிறார்கள். நுமக்கு அது ஒரு பகல் நடையும் அடுத்த பகல் நடையும். நும்மை எம் முன்னோர் என்று சொல்லிக்கொள்ள இரு கரையிலும் போட்டி நடக்கும் நாள் வரலாம். நீவிர் இரு கரையினர் அல்லீர். நும் காலத்தில் கரையே இல்லை.

இதைப் படிப்பவர்களில் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரத்தார் இருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேரியில் பிறைபோன்ற சிறுகல்லைக் கண்டால் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கல்லைவிட அது கிடந்த இடம் பெரிது. எடுத்தபின் அந்த இடம் செத்துவிடும். கிடந்தபடியே படம் எடுங்கள், அருகில் ஒரு காசை அளவுக்கு வையுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாக் விரிகுடாவில் மடி இழுப்பவர்களே, மீனோடு கரிய மண்கட்டியோ, கனத்துப்போன எலும்போ, கொத்திய கல்லோ ஏறினால், எந்த இடத்தில் எத்தனை பாகம் ஆழத்தில் ஏறியது என்று எழுதி வைத்துக்கொண்டு கரைக்குக் கொண்டுவாருங்கள். இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. அங்கே போய்க் காட்டலாம். உச்சிப்புளியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.